கைக்குத்தான் விளங்கேல்லை

ஐந்தாம் நாள் பின்னேரம் எங்கள் தொழிற்சாலை பஸ் தருமபுரத்தில் நின்றபோது, இறங்கப் போன அந்தப் பிள்ளை திரும்பி என் சீற்றடிக்கு வந்து, "நாளைக்கு நான் வரமாட்டன் அக்கா" என்றாள். ஏன் பிள்ளை என்று கேட்டேன். "நீங்கள் சொன்னதெல்லாம் எனக்கு விளங்கினது. கைக்குத்தான் விளங்கேல்லை." அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை, இறங்கிப் போய்விட்டாள். பஸ் எடுத்ததும் நான் பக்கத்தில் இருந்தவளிடம், இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் பொறுமை காணாது என்றேன். அவளும் ஓம் என்றாள். அப்படிச் சொல்லிவிட்டால் மனம் ஆறிவிடும் என்று நினைத்தேன். உடையார்கட்டில் நான் இறங்கும் வரைக்கும் ஆறவில்லை. இப்போது இரண்டு வருசமாகிறது, இன்னும் முழுக்க ஆறவில்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

நான் கிளிநொச்சிப் பக்கம் ஓர் ஆடைத் தொழிற்சாலையில் புதுப் பிள்ளைகளுக்கு மெஷின் பழக்குகிறவள். 11 வருசம் லைனில் இருந்து தைத்தேன், பிறகு "நல்லாத் தைக்கிறாய், நல்லாப் பழக்குவாய்" என்று தூக்கி இந்தப் பக்கம் போட்டார்கள். அந்தக் கணக்கு எவ்வளவு பிழை என்று எனக்கும் தெரியாது, போட்டவர்களுக்கும் தெரியாது.

அந்தப் பிள்ளை ஐந்து நாளில் நாலு ஊசி முறித்தாள். வீட்டு மெஷினில் ஊசி முறிவது சின்ன விசயம், இங்கே அப்படியில்லை. முறிந்த ஊசியின் ஒரு துண்டு சட்டைக்குள் மாட்டிப் போய் எங்கோ ஒரு நாட்டில் ஒரு குழந்தையைக் குத்திவிட்டால் ஓடர் முழுவதும் கையை விட்டுப் போய்விடும். அதனால் ஊசி முறிந்தால் மெஷினை நிற்பாட்டி, துண்டுகளை எல்லாம் தேடிப் பொறுக்கித் தாளில் ஒட்டி, முழு ஊசியின் உருவம் வருகிறதா என்று பார்த்து, புத்தகத்தில் எழுதிக் கையெழுத்து வைத்தால்தான் புது ஊசி. நுனி கிடைக்கவில்லை என்றால் அந்த இடத்தில் கிடந்த துணி எல்லாம் உலோகம் காட்டும் மெஷினுக்குள் போக வேண்டும். நல்ல முறைதான், அதில் எனக்குக் குறை இல்லை. ஆனால் 19 வயதுப் பிள்ளை ஒன்று முழங்காலில் இருந்து காந்தத்தால் நிலத்தைத் தடவித் தடவி நுனி தேட, சுற்றியிருந்து அத்தனை பேரும் பார்ப்பது வேறு விசயம். அதுவும் நாலு தரம். நாலாம் தரம் நான் அவளுக்குக் கிட்டப் போய், "உனக்கு எத்தினை தரம் சொன்னனான்?" என்று கேட்டேன். சொன்னது உண்மைதான். மூன்று தரம் சொல்லியிருந்தேன். கீழ்நூல் சுற்றிய பொபினைக் கேஸுக்குள் போடு, நூலைத் தகட்டுக்குக் கீழால் எடு, கேஸை மெஷினுக்குள் தள்ளு, மூடு, தை. இதில் விளங்காமல் போக என்ன இருக்கிறது?

முட்டாளாய் மூன்று வருசம்

எங்கள் பக்கம் தொழில் பழகுவது எப்படி என்று உங்களுக்குத் தெரியும். மேசனோடு உதவிக்குப் போகிறவனுக்கு எங்களூரில் முட்டாள் என்றுதான் பெயர். முட்டுக்கு நிற்கிற ஆள், அதுதான் முட்டாள் என்று சித்தப்பா விளக்கம் சொல்லிவிட்டுத் தானே சிரிப்பார். அவர் மூன்று வருசம் முட்டாளாக நின்றவர். சீமெந்து குழைத்தார், கல்லுத் தூக்கினார், பெரிய மேசனுக்கு வெற்றிலை வாங்கிக் கொடுத்தார். ஒருநாள் பெரிய மேசன் காய்ச்சலில் விழ, வீட்டுக்காரர் அவசரப்படுத்த, சித்தப்பா சாந்தகப்பையைக் கையில் எடுத்தார். சுவர் தூக்குக்குண்டுக்கு நேராக வந்தது. இந்தக் கதையை அவர் பெருமையோடு சொல்வார், நாங்களும் வாய் பார்த்துக்கொண்டிருப்போம். "எனக்கு ஆர் சொல்லித் தந்தது? எல்லாம் பார்த்துப் பழகினது." கராச்சிலும் இதுதான், ஓடாவியாரிடத்திலும் இதுதான், சமையலிலும் இதுதான். கண் பார்த்தால் கை செய்யவேணும்.

அவரோடு அதே மேசனிடம் இன்னும் இரண்டு பேர் முட்டாளாக நின்றார்கள் என்பது கதையில் வராது. கனகாலம் கழித்து நான்தான் கேட்டுத் தெரிந்துகொண்டேன். ஒருவர் கடைசி மட்டும் சீமெந்து குழைத்தார். மற்றவர் விட்டுவிட்டுக் கடலுக்குப் போய்விட்டார். பார்த்துப் பழகியவர்கள் கதை சொல்ல மிஞ்சுகிறார்கள், பார்த்தும் பழகாதவர்களை "அவனுக்கு மண்டையில ஏறாது" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறோம். அதைவிட இன்னொன்று, மூன்று வருசம் ஒருவர் பக்கத்தில் நின்று பார்ப்பதற்கு முதலில் ஊர் ஓரிடத்தில் நிற்க வேண்டுமே. அம்மா தன் சிங்கர் கைமெஷினில் எனக்குச் சட்டை தைக்கப் பழக்கத் தொடங்கியது 2008இல், கழுத்து வெட்டுவது வரைக்கும் வந்தோம். 2009இல் அந்த மெஷினை இரணைப்பாலையில் ஒரு பங்கர் வாசலில் விட்டுவிட்டு நடந்தோம். கை வெட்டுவதைச் செட்டிகுளம் முகாமில் வேறு ஓர் அக்காவிடம் பழகினேன். என் வயதுக்காரரில் கன பேரின் தொழில் இப்படித்தான், கழுத்து ஓரிடத்தில், கை இன்னோரிடத்தில்.

மீளக் குடியேறிய பிறகு வாழ்வாதாரம் என்று தையல் மெஷின்கள் வந்தன. எங்கள் ஒழுங்கையில் மட்டும் ஆறு. மெஷினோடு மூன்று நாள் வகுப்பு, ஒரு சான்றிதழ், ஒரு குரூப் போட்டோ. இப்போது அதில் நாலு மெஷின் மேலே துணி விரித்து ரீவி வைக்கப் பயன்படுகிறது. கொடுத்தவர்களை நான் ஏசவில்லை, அந்த நேரத்தில் கொடுக்க வந்ததே பெரிது. ஆனால் மெஷினைக் கொடுத்தால் தொழிலும் கூடவே வந்துவிடும் என்ற நினைப்பு எங்கள் எல்லோருக்கும் இருந்தது, என்னிடமும் இருந்தது என்பதை அந்தப் பிள்ளை பஸ்ஸில் இருந்து இறங்கிய பிறகுதான் யோசித்தேன்.

முடிச்சு

அவள் போய் ஒன்றரை மாதத்தில் எங்களைப் போல் பழக்குகிற ஏழு பேருக்கு ஒரு வகுப்பு வைத்தார்கள். நாளுக்கு இரண்டு மணித்தியாலம், ஐந்து நாள். எடுத்தவர் பதுளைப் பக்கத்து மனிதர், தொழிற்பயிற்சி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். நான் பின்வரிசையில், இவர் எனக்குத் தையல் பழக்கப் போகிறாராக்கும் என்ற முகத்தோடு இருந்தேன். அவர் தையலைப் பற்றி ஒரு சொல்லும் பேசவில்லை. பையில் இருந்து இரட்டை வயர் ஒரு துண்டை எடுத்தார். முகட்டில் இருந்து மின்குமிழ் தொங்கவிடும்போது, பாரம் திருகாணியில் விழாமல் இருக்க ஹோல்டருக்குள் ஒரு முடிச்சுப் போடுவார்கள், அந்த முடிச்சு. என்னை முன்னுக்குக் கூப்பிட்டு வயரைத் தந்தார். தன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வாயால் மட்டும் சொன்னார். வலப்பக்க வயரை ஒரு வளையமாக்கி முன்னால் கொண்டுவா, இடப்பக்கத்தை அதற்குக் கீழால் எடு, பின்னால் சுற்று, வளையத்துக்குள் விடு. சொன்ன ஒவ்வொரு சொல்லும் எனக்கு விளங்கியது. கையில் வந்தது குருவிக்கூடு.

பிறகு இன்னொருத்தியைக் கூப்பிட்டு, எதிரே நின்று, வாய் திறக்காமல் இரண்டு தரம் போட்டுக் காட்டினார். அவளுக்கும் வரவில்லை. எதிரே நின்றால் அவருடைய வலம் எங்களுக்கு இடம் அல்லவா? மூன்றாவது ஆளைத் தனக்குப் பக்கத்தில், தன் கை பார்க்கிற திசையிலேயே இருத்தி, ஒரு படி காட்டி, அதைச் சொல்லி, எந்த இடத்தில் வழுக்கும் என்றும் சொல்லி, அவளைச் செய்யவிட்டு, செய்யும்போது அவள் வாயாலேயே திருப்பிச் சொல்ல வைத்தார். முடிச்சு விழுந்தது. எல்லோரும் கை தட்டினார்கள். நான் தட்டவில்லை, "கைக்குத்தான் விளங்கேல்லை" என்ற குரல் காதுக்குள் கேட்டுக்கொண்டிருந்தது.

இந்த முறைக்கு ஒரு கதை இருக்கிறது, அவர்தான் சொன்னார், பிறகு நானும் தேடி வாசித்தேன். 1940 ஆகஸ்டில், அமெரிக்கா போரில் இறங்க ஒரு வருசத்துக்கு மேல் இருக்கும்போதே, ஆலைகளுக்குள் ஆட்களைப் பழக்குவதற்கென்று ஓர் அரச சேவையைத் தொடங்கினார்கள். முதலில் வந்த தலையிடி, படைக் கருவிகளுக்குக் கண்ணாடி வில்லை தேய்ப்பவர்கள். 350 பேர் உடனே வேண்டும், ஒருவர் பழக ஐந்து வருசம் செல்லும் என்று தொழிலில் இருந்தவர்கள் சொன்னார்கள். சித்தப்பாவின் பெரிய மேசனும் அப்படித்தான் சொல்லியிருப்பார். இவர்கள் வேலையைத் துண்டு துண்டாகப் பிரித்து, எந்தத் துண்டு உண்மையில் கைப்பக்குவம் கேட்கிறது, எது சும்மா கூட நிற்கிறது என்று பார்த்து, பழக்குகிற விதத்தையும் மாற்ற, அது மாதக் கணக்குக்கு வந்துவிட்டது. 1945இல் அந்தச் சேவையை மூடும்போது 16,500க்கு மேற்பட்ட ஆலைகளில் 16 இலட்சத்துக்கும் கூடிய ஆட்கள் சான்றிதழ் எடுத்திருந்தார்கள். போர் முடிய அமெரிக்கர்களே அதை ஜப்பானுக்குக் கொண்டுபோனார்கள், 1950களின் தொடக்கத்தில் டொயோட்டா அதைப் பிடித்துக்கொண்டது. இந்த முறைக்கு நாலு படி: ஆளைத் தயார்படுத்து, காட்டிச் சொல்லு, செய்யவிட்டுப் பார், பிறகும் பின்னால் போய்ப் பார். அதன் வேர் இன்னும் பழையது. முதலாம் உலகப் போர்க் காலத்தில் கப்பல் கட்டுகிறவர்களைப் பழக்க சார்ள்ஸ் அலன் என்பவர் அமைத்த நாலு படியில் இருந்து வந்தது. போர் அவர்களுக்கு இப்படி ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறது. எங்களிடம் இருந்த சிங்கர் மெஷினையும் கொண்டுபோனது, சரி.

அந்த வகுப்பில் என்னைச் சீண்டிய வரி ஒன்று உண்டு. கற்க வந்தவர் கற்கவில்லை என்றால், கற்பித்தவர் கற்பிக்கவில்லை. நான் எழும்பிச் சண்டை பிடித்தேன். வீட்டில் ஆயிரம் பிரச்சினையோடு வருகிற பிள்ளை, இரவில் நித்திரை கொள்ளாத பிள்ளை, கவனம் முழுக்கப் போனில் இருக்கிற பிள்ளை, அதற்கெல்லாம் நானா பொறுப்பு? அவர் மறுத்துப் பேசவில்லை. "இருக்கலாம் தங்கச்சி, ஆனா அதெல்லாம் நீங்க மாத்த ஏலாத விசயம். நாளைக்கு உங்க வேலையில ஒன்ன எழுதிக்கிட்டு வாங்க, அதப் பாப்பம்" என்றார்.

ஒரு தாளும் ஒரு பொபினும்

அவர் எழுதச் சொன்ன தாளில் மூன்று நிரல். படி, சூட்சுமம், ஏன். நடு நிரலுக்கு எங்கள் தமிழ்க் கையேட்டில் 'முக்கிய புள்ளி' என்று போட்டிருந்தது. எந்த மெஷின் மொழிபெயர்த்ததோ தெரியாது, எங்களுக்கு அது ஒட்டவில்லை, சூட்சுமம் என்று மாற்றிக்கொண்டோம். நான் பொபின் போடுவதை எடுத்தேன், ஐந்து நிமிடத்தில் முடித்துவிட்டேன். ஐந்து படி. சூட்சும நிரலில் 'கவனமாக' என்று மூன்று இடத்தில் எழுதினேன். 'ஏன்' நிரலை வெறுமையாக விட்டேன், ஏனென்றால் அது எல்லோருக்கும் தெரிந்ததுதானே.

அடுத்த நாள் அவர் என்னை மெஷினடிக்கு வரச்சொல்லி, தாளை வாங்கி, "நான் தச்சதே இல்ல. இதுல உள்ளத மட்டும் செய்றன், நீங்க பேசக் கூடாது" என்று சொல்லி இருந்தார். பொபினைக் கேஸுக்குள் போட்டார், மறுபக்கமாக. வாயைத் திறக்கப் போனேன், கையைக் காட்டி அடக்கினார். எந்தப் பக்கம் என்று தாளில் இல்லை. நூலைத் தகட்டுக்குக் கீழால் எடுத்தார். ஊசி கீழே நிற்கும்போதே கேஸைத் தள்ளப் பார்த்தார், போகவில்லை. சக்கரத்தைத் திருப்பி ஊசியை ஏற்ற வேண்டும் என்றும் தாளில் இல்லை. தானாகவே ஏதோ செய்து ஏற்றினார். திரும்பத் தள்ளினார், இருந்ததுபோல் இருந்தது. மூடினார். மிதித்தார். படார்.

ஊசி முறிந்தது. அவர் ஒன்றும் சொல்லாமல் குனிந்து நுனியைத் தேடத் தொடங்கினார். அறுபது வயது தாண்டிய மனிதர், வேட்டி இல்லை, காற்சட்டைதான், முழங்காலில் இருந்து தேடுகிறார். நானும் குனிந்தேன். என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

புது ஊசி வாங்கி வந்த பிறகு, "இப்ப நீங்க போடுங்க, மெதுவா, கை என்ன செய்யுதுன்னு வாயால சொல்லிக்கிட்டே" என்றார். 11 வருசத்தில் நான் என் கையைப் பார்த்தது அன்றைக்குத்தான். கால் மிதியை விட்டு விலகியிருந்தது, நான் விலக்கவில்லை, தானாக. வலக்கை சக்கரத்தைத் திருப்பி ஊசியை ஏற்றியது. பொபினைப் போட்டு நூலை எடுத்ததும் கேஸை நூலில் தொங்கவிட்டேன். சும்மா தொங்கினால் விழக்கூடாது, கையை ஒரு சொட்டு உதறினால் கொஞ்சம் இறங்கி நிற்க வேண்டும், அப்படி நின்றால்தான் நூலின் இறுக்கம் சரி. இதை நான் ஒரு பிள்ளைக்கும் சொன்னதே இல்லை. பிறகு இடக்கைப் பெருவிரலும் சுட்டுவிரலும் கேஸின் நாக்கைப் பிடித்தன, பிடித்திருந்தால்தான் பொபின் வெளியே விழாது. உள்ளே தள்ளி, நாக்கை விட்டு, சுட்டுவிரலால் இன்னொரு தரம் அமத்தினேன். விரல் அங்கேயே நின்றது. எதற்கோ காத்திருந்தது. டிக்.

அத்தனை மெஷின் இரையும்போது அந்தச் சத்தம் காதுக்குக் கேட்காது, விரலுக்குத்தான் கேட்கும். டிக் வராவிட்டால் கேஸ் முழுக்க இருக்கவில்லை, மிதித்தவுடன் ஊசி வந்து கேஸில் அடித்து முறியும். நான் அவளுக்கு மூன்று தரம் சொன்ன ஐந்து வரியில் இந்த டிக் ஒரு தரமும் இல்லை. நாலு ஊசியும் அந்த டிக்கால்தான் முறிந்தது என்று இப்போது நிரூபிக்க முடியாது. ஆனால் எனக்குத் தெரியும்.

தாளைத் திரும்ப எழுதினேன், இரண்டு நாள் எடுத்தது. 'ஏன்' நிரலில் ஓரிடத்தில் எனக்கே பதில் தெரியாமல், மெஷின் திருத்துகிற தம்பியைக் கூப்பிட்டுக் கேட்டேன். அக்காவுக்கு இது தெரியாதா என்பதுபோல் பார்த்தான்.

அதற்குப் பிறகு மாற்றியது பெரிதாக ஒன்றுமில்லை. எதிரே நிற்பதை விட்டுவிட்டு, முக்காலியைப் பிள்ளைக்குப் பக்கத்தில் போட்டு இருக்கிறேன். 'விளங்குதா?' என்று கேட்பதை விட்டேன், இதுதான் கஷ்டம், வாயில் தானாக வரும். எங்கள் பள்ளிக்கூடங்களில் வளர்ந்த பிள்ளையிடம் விளங்குதா என்று கேட்டால் ஓம் என்றுதான் தலையாட்டும், இல்லை என்று சொல்வது மரியாதைக் கேடு என்று நாங்கள்தான் வளர்த்து வைத்திருக்கிறோம். இப்போது, "செய்துகொண்டு எனக்குச் சொல்லு" என்கிறேன். முதல் தரம் வெட்கப்படுவார்கள். மூன்றாம் தரம் டிக் என்பதை வாயால் சொல்லிச் சிரிப்பார்கள். பிறகு, சந்தேகம் வந்தால் யாரிடம் கேட்பது என்று ஓர் ஆளைப் பெயர் சொல்லிக் காட்டிவிடுகிறேன். அந்தப் பிள்ளைக்கு நான் அப்படி ஒருவரையும் காட்டவில்லை. என்னிடம் கேட்டிருக்கலாமே என்று யோசித்தேன், பிறகு நான் அவளிடம் கேட்ட கேள்வி ஞாபகம் வந்தது.

நாலாம் படி எனக்கு இன்னும் சரிவரவில்லை. பின்னால் போய்ப் பார்ப்பதற்கு ஆள் அங்கே இருக்க வேண்டும். டார்கெட் ஏறினால் லைன் சுப்பர்வைசர் வந்து, பழகி முடியாத பிள்ளையையும், "இது தைக்குது தானே" என்று கூட்டிக்கொண்டு போய்விடுகிறார். அவருக்கும் மேலே இருந்து நெருக்கடி. இந்த நாட்டில் தொழிற் தகைமைக்கு 7 மட்டங்கள் வைத்திருக்கிறார்கள், 1 முதல் 4 வரை சான்றிதழ், 5, 6 டிப்ளோமா, 7 பட்டம். அறிவியல்நகரில் 2016இல் ஜேர்மன் உதவியோடு வந்த பயிற்சி நிறுவனத்தில் பழகின பெடியளின் கையைப் பார்த்தால் சந்தோசமாக இருக்கிறது. ஆனால் எங்கே படித்தாலும் வேலைத்தளப் பயிற்சி என்று வெளியே அனுப்பும் மாதங்களில், அங்கே பழக்கத் தெரிந்த ஒருவர் இல்லாவிட்டால் பிள்ளை தேத்தண்ணி வாங்கிக் கொடுத்துவிட்டுத்தான் வரும். முட்டாளாய் ஆறு மாதம்.

போன பங்குனியில் அம்மாவின் கிளினிக்குக்காக வவுனியா போகும்போது முறிகண்டியில் பஸ் நின்றது. பிள்ளையாருக்குக் கும்பிட்டுவிட்டுக் கச்சான் வாங்கப் போனால், வரிசையில் மூன்றாவது கடையில் அவள். மாமியின் கடையாம். என்னைக் கண்டு சிரித்தாள், கோபம் ஒன்றும் இல்லை. எனக்குத்தான் நாக்கு ஒட்டிக்கொண்டது. என்ன பேசுவது என்று தெரியாமல், பஸ் ஹோன் அடிக்க அடிக்க, "பிள்ளை, கேஸ் போடேக்க டிக் எண்டு விரலில தெரியவேணும், அதை நான் உனக்குச் சொல்லேல்லை" என்று சொன்னேன். பைத்தியக்காரி மாதிரி. அவள் கச்சானை அளந்து பையில் போட்டு, மேலே ஒரு பிடி கூடப் போட்டு, "இப்ப ஏன் அக்கா அது" என்றாள். காசை வாங்கவில்லை. நான் வைத்துவிட்டு ஓடினேன்.

சரி, போன கிழமை ஒட்டுசுட்டானில் இருந்து ஒரு பிள்ளை வந்திருக்கிறாள், இடக்கைக்காரி. எனக்குப் பெரிய யோசனை, என் தாள் முழுக்க வலக்கைக்காரருக்கு எழுதினது. முக்காலியை எந்தப் பக்கம் போடுவது என்றே குழம்பினேன். படி படியாகக் காட்டி, கேஸ் போடும் இடத்துக்கு வந்தோம். நான் சூட்சுமத்தைச் சொல்வதற்கு முதலே அவள் கை போய்க் கேஸை வைத்து அமத்திவிட்டு, விரலை எடுக்காமல் அப்படியே நின்றது. டிக். யோசித்துப் பார்த்தால் அந்த வேலை எங்கள் எல்லோருக்கும் இடக்கையால் செய்கிற வேலைதான், பத்தில் ஒன்பது பேர் தங்கள் மொக்குக் கையால் அதைச் செய்யக் கிடந்து தடுமாறுகிறோம் என்பது எனக்கு அதுவரைக்கும் தோன்றவேயில்லை.

"எப்பிடிப் பிள்ளை தெரிஞ்சது?" என்றேன்.

"தெரியாது அக்கா, கை போச்சுது."

தேத்தண்ணி மணி அடித்தது. எல்லோரும் எழும்பிப் போனார்கள். நான் அவளை இருக்கச் சொல்லிவிட்டு, வெறும் தாள் ஒன்றும் பேனையும் எடுத்துவந்து, முக்காலியை இடப்பக்கம் மாற்றிப் போட்டேன். "இன்னொருக்கால் போடு, மெதுவா. கை என்ன செய்யுது எண்டு சொல்லு, நான் எழுதுறன்."